உன் உடம்பே சொல்லும்

ஜூன் 2, திங்கள்

நாடி 78. தூக்கம் ஏழு மணி நேரம்.

இன்றிலிருந்து நாற்பத்தெட்டு நாள். வகுப்பில் சேர்ந்த பதினான்கு பேரையும் ஆளுக்கொரு நோட்டு வாங்கச் சொல்லியிருக்கிறேன். காலையில் எழுந்ததும் நாடித்துடிப்பு, தூக்கம், மனதில் பட்டது என்று நாலு வரி எழுத வேண்டும். அவர்களை எழுதச் சொல்லிவிட்டு நான் சும்மா இருந்தால் நன்றாக இராது. அதனால் இந்த நோட்டு.

நூல் குடோன் மாடியை என் வீட்டுக்காரர் தனபால் நேற்றே கழுவிவிட்டிருந்தார். படிக்கட்டில் புதுப் பலகை: 'நரம்புச் சமநிலை யோகப் பயிற்சி – நாகேஸ்வரி.' எழுத்து கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. பரவாயில்லை.

முதல் நாள் பாடம் எப்போதும் சொல்வதுதான். நம் உடம்பில் இரண்டு வகை நரம்பு வேலை செய்கிறது. ஒன்று விரட்டும், இன்னொன்று அமர்த்தும். மூச்சை நீளமாக வெளியே விட்டால் அமர்த்துவது விழித்துக்கொள்ளும். முன்வரிசையில் இருந்த அர்த்தநாரி கையைத் தூக்கினார். ஓய்வுபெற்ற அரசு பஸ் டிரைவர், அறுபத்து மூன்று வயது. இரண்டு வருடத்துக்கு முன் வாய் ஒரு பக்கம் கோணிப்போய்ப் பிழைத்தவர். "ஆக்சிலேட்டர், பிரேக்குன்னு சொல்லிப்போடுங்க டீச்சர், எல்லார்த்துக்கும் புரியும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். இனிமேல் அப்படியே சொல்லலாம்.

வகுப்பு முடிந்ததும் வசந்தாமணி என்ற அம்மாள் என்னைத் தனியாக அழைத்துப் பேசினார். மகள் கௌசிகாவைக் கூட்டி வந்திருந்தார். இருபத்தைந்து வயது. ஏழாம் வகுப்பிலிருந்து வலிப்பு. காலை ஒன்று, ராத்திரி ஒன்று மாத்திரை. மூன்று வருடமாக ஒன்றும் வரவில்லை. ஆவணியில் கல்யாணம், மாப்பிள்ளை வீட்டுக்கு விஷயம் தெரியாது.

"அதுக்குள்ள மாத்திரை இல்லாமப் பண்ணிப்போடுங்க டீச்சர். போற எடத்துல மாத்திரையும் கையுமா எப்படிங் இருப்பா?"

முயற்சி பண்ணலாம் என்றேன். டாக்டரையும் கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொன்னதாகத்தான் நினைவு.

ஜூன் 3, செவ்வாய்

நாடி 76. மாவு பொங்கி மேடையெல்லாம் வழிந்துவிட்டது.

ஜூன் 6, வெள்ளி

நாடி 76.

கௌசிகா இன்று அரை மணி நேரம் முன்னாலேயே வந்துவிட்டாள். பாய்களை விரிக்க உதவினாள். சென்னிமலையில் படுக்கை விரிப்புக்கு டிசைன் போடும் வேலை. கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக நிறம் வைப்பாளாம். "ஒரு மயிலுக்கு நாலாயிரம் கட்டம் டீச்சர்" என்றாள்.

மாத்திரையைப் பற்றி அவளாகவே பேசினாள். காலையில் தலை மந்தமாக இருக்கிறது, முடி கொட்டுகிறது, ஒரு சொல் வாய்க்கு வர நேரமாகிறது. மாப்பிள்ளை போனில் பேசும்போது அந்தத் தடுமாற்றம் தெரிந்துவிடுமோ என்று பயம். ஒறம்பரை, சொந்தக்காரர் யாராவது வந்தால் மாத்திரை அட்டையை வளையல் பெட்டிக்குள் ஒளித்து வைக்கிறாளாம்.

"அவருகிட்ட சொல்லிப்போடலாம்னு அம்மாகிட்டக் கேட்டேன். சொன்னீன்னா நான் கெணத்துல உழுந்துருவேன்னாங்க."

மூக்கின் பக்கம் மாற்றி மாற்றி மூச்சு விடும் நாடிசுத்தி சொல்லிக்கொடுத்தேன். விரல் வைப்பதை ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாள். இப்படி ஒரு மாணவி கிடைத்து நாளாகிறது.

ஜூன் 11, புதன்

நாடி 75. கேஸ் தீர்ந்து, கரண்ட் அடுப்பில் உப்புமா.

கௌசிகா ராத்திரி மாத்திரையை மட்டும் விட்டுப் பார்க்கலாமா என்று கேட்டாள். அவரவர் உடம்பை அவரவர்தான் கவனிக்க வேண்டும் என்றேன். அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஜூன் 14, சனி

சந்தை, துணி துவைத்தல், மாடித் தண்ணீர்த் தொட்டி சுத்தம். வழக்கமானதைப் போட்டுக்கொண்டு படுத்தேன். நல்ல தூக்கம்.

ஜூன் 17, செவ்வாய்

நாடி 74. இவ்வளவு குறைந்ததே இல்லை.

கௌசிகாவின் முகம் தெளிந்திருக்கிறது. பேச்சும் சரளமாக வருகிறது. பாயைச் சுருட்டும்போது என் காதருகே வந்து, "ஆறு நாளாச்சு டீச்சர்" என்றாள். எதைச் சொல்கிறாள் என்று நான் கேட்கவில்லை. அவள் சந்தோஷமாக இருந்தாள்.

சாயங்காலம் அவளுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். உற்சாகப்படுத்தித்தான்.

ஜூன் 21, சனி

யோகா தினம். பள்ளி மைதானத்தில் முந்நூறு பேர். கவுன்சிலர் வர நேரமாகிவிட்டதால் என்னைப் பேசச் சொன்னார்கள். பத்து நிமிடம் பேசினேன். நடுவில் கைதட்டல். மேடையில் கௌசிகா பச்சைச் சுடிதாரில் விருட்சாசனத்தில் நின்றாள். ஒரு நிமிடத்துக்கு மேல் அசையவில்லை.

இறங்கி வந்ததும் அர்த்தநாரி என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னிக்குத்தானுங் டீச்சர் எனக்கு நம்பிக்கையே வந்துச்சு" என்றார். கண் கலங்கியிருந்தது.

ஜூன் 24, செவ்வாய்

காலையில் டீ டம்ளர் கை நழுவி விழுந்துவிட்டது என்று கௌசிகா சொன்னாள். எழுந்த உடனே கை ஒரு முறை வெட்டி உதறுகிறதாம். நேற்றும் அப்படித்தானாம். சரியாகிவிடும் என்றேன். பஸ்திரிகாவை இன்னும் கொஞ்சம் கூட்டிச் செய்யச் சொன்னேன். வேகமாக மூச்சு விடும்போது அவளுக்கு வியர்த்தது.

முருங்கைக்கீரை ஆய்ந்து வைத்தேன். சமைக்கவில்லை.

ஜூன் 26, வியாழன்

கௌசிகா வகுப்புக்கு வரவில்லை. ஒன்பது மணிக்கு அவள் தங்கை தாரணி போன் செய்தாள். குளிக்கப் போனவள் வரவில்லை. கதவை உடைத்திருக்கிறார்கள். தொட்டித் தண்ணீரில் முகம் கிடந்திருக்கிறது.

கௌசிகா இறந்துவிட்டாள்.

ஜூன் 27, வெள்ளி

மின்மயானத்திலிருந்து வந்து குளித்தேன்.

வந்தவர்களிடமெல்லாம் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று சொன்னார்கள். மாப்பிள்ளை வந்திருந்தான். மெலிந்த பையன். செருப்பைக் கழற்றவும் தோன்றாமல் வாசலிலேயே நின்றான். யாரோ அவனுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். சொம்பைக் கையிலேயே வைத்திருந்தான்.

வசந்தாமணி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "உங்க வகுப்புக்கு வந்தப்பறந்தானுங் டீச்சர் எம்புள்ள வாய்விட்டுச் சிரிச்சா. இந்த ஒரு மாசமாவது சிரிச்சாளே."

நான் தலையை ஆட்டினேன்.

ஜூன் 30, திங்கள்

நாடி 104. இரண்டு முறை எண்ணிப் பார்த்தேன்.

வகுப்பு நடத்தினேன். ஆரம்பத்தில் ஒரு நிமிட மௌனம். பிறகு மூச்சுப் பயிற்சி. நீளமாக வெளியே விடுங்கள், நீளமாக வெளியே விடுங்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். என்னால் விட முடியவில்லை.

ராத்திரி வீட்டுக்காரரிடம் மாத்திரை விஷயத்தைச் சொன்னேன். பாதிதான் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை எடுத்துவிட்டார்.

"யாராவது கேட்டாங்களா?"

"இல்லீங்க."

"அப்பப் பேசாம இரு. அவங்களே வழுக்கி உழுந்துட்டான்னுதானே சொல்றாங்க. நீ போயி ஒண்ணு சொல்லி, அந்தப் புள்ளைய எழுப்பியா கொண்டாரப் போற?"

பாத்திரம் கழுவினேன். நாளையிலிருந்து நாடி எண்ணப் போவதில்லை.

ஜூலை 3, வியாழன்

இந்த நோட்டை எடுத்து ஆரம்பத்திலிருந்து படித்தேன். நான் எழுதியதில் பல இடம் பொய். யாரும் படிக்கப் போகாத நோட்டில் எதற்குப் பொய் எழுதினேன் என்று தெரியவில்லை.

ஜூன் 2. டாக்டரைக் கேளுங்கள் என்று நான் வசந்தாமணியிடம் சொல்லவில்லை. "நாப்பத்தெட்டு நாள் எங்கிட்ட உட்டுட்டுப் போங்க" என்று சொன்னேன்.

ஜூன் 11. ராத்திரி மாத்திரையை விடலாமா என்று அவள் கேட்டபோது அவள் குரலில் பயம் இருந்தது. வேண்டாம் என்று நான் சொல்வேன் என்றுதான் கேட்டாள் என இப்போது தோன்றுகிறது. "எத்தன நாளைக்குக் கண்ணு ஊன்றுகோல் புடிச்சு நடப்ப?" என்றேன்.

ஜூன் 17, வாய்ஸ் மெசேஜ். என் போனில் இருந்ததை அழித்துவிட்டேன். ஆனாலும் ஒவ்வொரு சொல்லும் நினைவிருக்கிறது. "கௌசி, உன் நரம்பு தானா நெலைக்கு வந்துட்டிருக்கு. காலை மாத்திரையையும் உட்டுப்போடலாம். டாக்டருங்க பயமுறுத்தத்தான் செய்வாங்க. உன் உடம்பே சொல்லும், நீ அதக் கேளு."

ஜூன் 21. மைக்கில் என்ன பேசினேன் என்று எழுதவில்லை. என் மாணவி ஒருத்தி பன்னிரண்டு வருடமாகப் போட்ட நரம்பு மாத்திரையை மூன்றே வாரத்தில் தூக்கி எறிந்துவிட்டாள் என்று சொன்னேன். கைதட்டல் அதற்குத்தான். பெயர் சொல்லவில்லை. ஆனால் மேடையில் மரம்போல் நின்ற அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் வெட்கப்பட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஜூன் 24. கை உதறுகிறது என்று வந்தாள். நச்சு வெளியேறுகிறது என்றேன். அப்படி ஒரு பாடத்தை நான் எங்கும் படிக்கவில்லை. யாரோ சொல்லக் கேட்டது. அவள் உடம்பு சொல்லத்தான் செய்தது. இரண்டு நாள் முன்னாலேயே, அத்தனை தெளிவாக.

ஜூலை 5, சனி

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது.

'வழக்கமானது' என்று எழுதியிருக்கிறேனே, அது மாத்திரை. எட்டு வருடமாகத் தினமும் ஒன்று போடுகிறேன். அம்மா இறந்த வருடம் எனக்கு நெஞ்சு படபடத்து, பஸ்ஸில் ஏற முடியாமல், கூட்டத்தைக் கண்டால் மூச்சு முட்டி, கடைசியில் கோயம்புத்தூரில் ஒரு டாக்டரம்மா எழுதிக்கொடுத்தது. யோகாவும் அந்த வருடம்தான் ஆரம்பித்தேன். என்னைத் தூக்கி நிறுத்தியது அதுவா இதுவா, இரண்டுமா, எனக்கே தெரியாது. வகுப்பில் யோகாவை மட்டும் சொல்வேன்.

ஒருமுறை நான் நிறுத்திப் பார்த்திருக்கிறேன். ஐந்தாம் நாள் உழவர் சந்தையில் வெங்காயக் கடை முன்னால் தரையில் உட்கார்ந்து அழுதேன். வீட்டுக்காரர் வந்து ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். மறுநாளே மறுபடி ஆரம்பித்துவிட்டேன்.

இது தெரிந்தவள்தான் கௌசிகாவிடம் ஊன்றுகோல் என்று சொன்னேன்.

ஜூலை 8, செவ்வாய்

வகுப்புக்குப் பதினோரு பேர் வந்தார்கள்.

அர்த்தநாரியின் முகம் சிவந்திருந்தது. குனிந்து நிமிர்ந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டார். என்ன என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லீங் டீச்சர். பின்மண்டை கொஞ்சம் வலிக்குது. நச்சு போகுது போல."

"பிரஷர் மாத்திரை போட்டீங்களா?"

சிரித்தார். "அதத்தான் அன்னிக்கே உட்டாச்சுங்களே. நீங்க மைக்ல சொன்னீங்கல்ல, பன்னண்டு வருச மாத்திரைய ஒரு புள்ள வீசிப்போட்டுச்சுன்னு. நான் ரெண்டு வருசந்தானுங். ஊட்டுக்குப் போனதும் அத்தனையும் எடுத்து வாய்க்கால்ல வீசிட்டேன். ரத்தம் உறையாம இருக்கக் குடுத்ததையும் சேத்து."

மெஷினை எடுத்து அழுத்தம் பார்த்தேன். 196/112. மெஷின் தப்பாக இருக்கும் என்று மறுபடி பார்த்தேன். 198.

"இன்னிக்கே டாக்டரப் போயிப் பாருங்க. மாத்திரைய மறுபடி ஆரம்பிங்க."

"அந்தப் புள்ள நல்லாத்தானே இருந்துச்சு? வழுக்கி உழுந்தது விதி. அதுக்கு மாத்திரை என்னங் பண்ணும்?"

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். அவள் வழுக்கி விழவில்லை, மாத்திரையை நிறுத்தியதால் வலிப்பு வந்து விழுந்தாள், நிறுத்தச் சொன்னது நான்தான். மூன்று வாக்கியம். பத்துப் பேர் பாய் சுருட்டிக்கொண்டு அங்கேயே நின்றிருந்தார்கள். "எதுக்கும் ஒருக்காப் பாத்துக்கோங்க" என்றேன்.

அவர் கும்பிட்டுவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

ஜூலை 9, புதன்

அர்த்தநாரி வந்தார். டாக்டரிடம் போகவில்லை. பேரனுக்குப் பிறந்தநாள், நேரமில்லை என்றார். நாளைக்கு அவரைத் தனியாக உட்காரவைத்து முழுதும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். நாளைக்குக் கட்டாயம்.

ஜூலை 10, வியாழன்

வரவில்லை. ஆறரை மணிக்கு அவர் மனைவி பாவாயிக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. சூரம்பட்டிக்கு ஆட்டோ பிடித்துப் போனேன். வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. பக்கத்து வீட்டில் சொன்னார்கள்: பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார், ஆம்புலன்ஸில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

அங்கே போய்ப் பார்த்தேன். உயிர் இருக்கிறது. வலது கை, வலது கால் அசையவில்லை. பேச்சு இல்லை. கண் மட்டும் திறந்திருக்கிறது. என்னைப் பார்த்ததும் இடது கையை நெற்றிப் பக்கம் கொண்டுபோகப் பார்த்தார். கும்பிடுகிறார் என்று தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

ஜூலை 13, ஞாயிறு

கொல்லம்பாளையம் போய் வசந்தாமணியைப் பார்த்தேன். போகாதே என்று வீட்டுக்காரர் வண்டிச் சாவியை எடுத்து வைத்துக்கொண்டார். நடந்தே போனேன்.

தாரணி கதவைத் திறந்தாள். கல்லூரியில் படிக்கிற பெண். வழிவிட்டாள். வசந்தாமணி தரையில் முறத்தை வைத்துச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். "வாங் டீச்சர், உக்காருங்" என்றவர் எழப் போனார். நான் எதிரில் தரையிலேயே உட்கார்ந்தேன். ஆரம்பித்துவிட்டால் நிறுத்தாமல் சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போயிருந்தேன். அப்படியே சொன்னேன். ஊன்றுகோல் என்றது, வாய்ஸ் மெசேஜ், கை உதறல், எல்லாம்.

வசந்தாமணி வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை. முடிக்கும்வரை தலையையும் தூக்கவில்லை.

"உங்ககிட்டக் கேட்டாளா? நிறுத்தலாமான்னு அவளே கேட்டாளா?"

"கேட்டாளுங்க."

"பயந்துட்டுக் கேட்டாளா, சந்தோசமாக் கேட்டாளா?"

"பயந்துட்டுதான்."

அவர் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார்.

"தாழ் போட்டுட்டுக் குளிக்காத கண்ணுன்னு பன்னண்டு வருசமாச் சொல்லிட்டிருந்தேன். இந்த ஒரு மாசமாச் சொல்லல. கல்யாணப் பொண்ணாச்சே, ஊட்டுக்கு நாலு பேரு வந்து போறாங்களே, தாழ் போடாமக் குளிச்சா என்ன ஏதுன்னு கேப்பாங்களேன்னு. அந்தத் தாழத்தான் நான் நெனச்சு நெனச்சுச் செத்துட்டிருந்தேன். மாத்திரைய உட்டது எனக்குத் தெரியாதுங். வளையப் பொட்டில அட்டை அப்படியே இருந்துச்சு. பெரிய காரியத்தன்னிக்குத்தான் எண்ணிப் பாத்தேன். மறந்துட்டா போலன்னு நெனச்சேன்."

நான் அழுதேன். அவர் அழவில்லை.

"இத எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? உங்க மனசு லேசாகறதுக்கா?"

"இல்லீங்க."

"லேசாச்சா?"

"இல்லீங்க."

"எனக்கும் ஆகல." முறத்தைத் தள்ளி வைத்தார். "போலீசுக்குப் போகச் சொல்றீங்களா? போனா என்ன வியாதின்னு கேப்பாங்க. பேப்பர்ல போடுவாங்க. இன்னொண்ணு நிக்குதே, அதுக்கு நாளைக்கு யாருங் வருவா? அக்காளுக்கு இருந்துச்சுன்னா தங்கச்சிக்கும் இருக்கும்பாங்க."

"நான் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன். எப்ப வேணும்னாலும் குடுங்க."

"அந்தக் காயிதத்த வெச்சுட்டு நான் தூங்கோணுமா?"

அர்த்தநாரியைப் பற்றிச் சொன்னேன். அதைக் கேட்டதும்தான் அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப எம்புள்ளைய வெச்சு மேடைல பேசியிருக்கீங்க."

"ஆமாங்க."

"அங்க வர்றவங்க அத்தன பேர்த்துகிட்டயும் சொல்லிப்போடுங்க. எம்புள்ள பேரு வேண்டாம். ஆனாச் சொல்லோணும். சொல்லிப்போட்டு, அந்த மாடியப் பூட்டுங்க. இந்த ஊட்டுப் படி இனி ஏறாதீங்க."

எழுந்தேன். தாரணி தெருக்கதவு வரை பின்னாலேயே வந்தாள். அக்காவின் சுடிதாரைப் போட்டிருந்தாள் என்று அப்போதுதான் கவனித்தேன்.

"அந்த வாய்ஸ நான் அன்னிக்கு ராத்திரியே கேட்டுட்டேன் டீச்சர்" என்றாள். "அக்கா போன் லாக் எனக்குத் தெரியும். அம்மாகிட்ட சொல்லல. நீங்களா வந்து சொல்றீங்களான்னு பாத்துட்டிருந்தேன். பதினேழு நாள் ஆச்சு."

கதவைச் சாத்தினாள். சத்தமில்லாமல்தான்.

ஜூலை 14, திங்கள்

ஒன்பது பேர் வந்தார்கள். பாய் விரிக்க வேண்டாம் என்று சொல்லி, நின்றபடியே சொன்னேன். ஒரு பெண், வலிப்பு, நான் சொல்லி மாத்திரையை விட்டாள், இறந்துவிட்டாள். மேடையில் நான் பேசியதை நம்பி அர்த்தநாரி விட்டார், ஆஸ்பத்திரியில் இருக்கிறார். மூச்சுப் பயிற்சி மனதுக்கு அமைதி தரலாம், தூக்கம் தரலாம். மாத்திரைக்குப் பதில் ஆகாது. நான் டாக்டர் இல்லை. நானே எட்டு வருடமாக மாத்திரை போடுகிறவள்.

பெயர் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பின்வரிசையில் ஓர் அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார்.

இன்னும் மூன்று பேர் நிறுத்தியிருந்தார்கள். ஒருவர் சர்க்கரைக்கு, ஒருவர் தைராய்டுக்கு, ஒரு கல்லூரி ஆசிரியர் எனக்கு இருப்பதைப் போலவே ஒன்றுக்கு. மூன்று பேரையும் நிற்கவைத்து, அவர்கள் டாக்டருக்கு அங்கேயே போன் போடவைத்தேன். சர்க்கரைக்காரர் போன் பேசிவிட்டு, "பதினெட்டு நாளா இத உள்ள வெச்சுட்டு எங்களுக்கு மூச்சு விடச் சொல்லிக் குடுத்துட்டு இருந்தீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். பாயை அங்கேயே போட்டுவிட்டுப் போய்விட்டார்.

பலகையைக் கழற்றினேன். வீட்டுக்காரர் வந்து ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார்.

ஜூலை 16, புதன்

ஆஸ்பத்திரியில் பாவாயியிடமும் சொன்னேன். அர்த்தநாரியின் கட்டிலுக்குப் பக்கத்தில் வேண்டாம் என்று வராந்தாவுக்குக் கூட்டிப் போனேன். அவர் தூணைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"நான் தலபாடா அடிச்சுட்டேன், மாத்திரையப் போடுங்க போடுங்கன்னு. நீ என்ன டாக்டரான்னு என்னையக் கேட்டாரு. உங்கள டாக்டருன்னு நெனச்சுட்டாரு போல."

உள்ளேயிருந்து நர்ஸ் கூப்பிட்டார். பாவாயி போய்விட்டார். நான் வராந்தாவிலேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரம் கழித்து வந்து, "போங்க" என்றார். நான் போகவில்லை. சாயங்காலம் மறுபடி வந்தபோது, "அவரத் திருப்பிப் படுக்க வெக்கோணும். என்னால தூக்க முடியல. ஒரு கை புடிங்க" என்றார்.

ஜூலை 17, வியாழன்

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் அர்த்தநாரியைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். இல்லையென்றால் முதுகு புண்ணாகிவிடும். கனமான மனிதர்.

ஜூலை 19, சனி

கணக்குப்படி இன்று நாற்பத்தெட்டாவது நாள்.

ஆஸ்பத்திரியில்தான் இருந்தேன். கஞ்சியைக் கரண்டி கரண்டியாகக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். வேகமாகக் கொடுத்தால் புரை ஏறிவிடும். ஒரு டம்ளர் கொடுக்க அரை மணி நேரம் ஆகிறது. வாயின் வலது ஓரம் வழிகிறது. துடைக்கத் துடைக்க அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் செய்தது அவருக்குத் தெரியுமா என்று தெரியவில்லை. பாவாயி சொல்லியிருக்கலாம். நான் இன்னும் அவரிடம் நேராகச் சொல்லவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

சொன்னேன். காதருகே குனிந்து, மெதுவாக, அவருக்குப் புரிகிற மாதிரி. கேட்டுக்கொண்டிருந்தார் என்றுதான் நினைக்கிறேன். கண்ணை மூடவில்லை. ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், "ப்ப... ப்ப..." என்று மட்டும் வந்தது. திட்டுகிறாரா, பரவாயில்லை என்கிறாரா, தண்ணீர் கேட்கிறாரா, எனக்குத் தெரியவில்லை. தண்ணீர் கொடுத்தேன். குடித்தார்.

ஜூலை 22, செவ்வாய்

காலையில் டாக்டர் வந்து பார்த்தார். அழுத்தம் 150க்கு வந்திருக்கிறது. கால் கொஞ்சம் அசையலாம், கையைப் பற்றி ஆறு மாதம் கழித்துத்தான் சொல்ல முடியும் என்றார். கை கால் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்து போகிறாள்.

மத்தியானம் அர்த்தநாரி தூங்கிக்கொண்டிருந்தார். நானும் பாவாயியும் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் தரையில் உட்கார்ந்திருந்தோம். நேற்றுவரை பாவாயி என்னிடம் புடிங்க, தூக்குங்க என்பதைத் தவிர வேறு எதுவும் பேசியதில்லை. இன்று கட்டிலுக்கு அடியில் இருந்த எவர்சில்வர் டப்பாவைத் திறந்து எனக்கு இரண்டு இட்லி எடுத்து வைத்தார். பிறகு, கணவர் விழித்துக்கொள்ளாதபடி தாழ்ந்த குரலில் கேட்டார்.

"ஏனுங் டீச்சர், அந்த மூச்சு விடறதெல்லாம் சொல்லிக் குடுத்தீங்கன்னா, அந்தக் கை வந்துருமா?"

அவ்வளவும் தெரிந்த பிறகும் கேட்டார். முகத்தில் கோபம் இல்லை, கிண்டலும் இல்லை. ஒரு மாதம் முன்னால் என்றால் அந்த முகத்தைப் பார்த்ததும் என் வாயில் பதில் தயாராக இருந்திருக்கும். நிதானமான குரலில், நம்புகிற மாதிரி, நீளமாகச் சொல்லியிருப்பேன்.

"எனக்குத் தெரியாதுங்க" என்றேன். "அந்தப் பொண்ணு சொல்லிக் குடுக்கற பயிற்சிய நாள் தவறாமச் செய்யலாம். மாத்திரைய நேரத்துக்குக் குடுக்கலாம். வருமா வராதான்னு எனக்குத் தெரியாது."

பாவாயி டப்பாவை மூடி வைத்தார்.

"அப்பப் பொறவு எதுக்கு நெதமும் வர்றீங்க?"

மணி இரண்டாகிவிட்டது. எழுந்து தோள்பக்கம் போனேன். பாவாயி இடுப்புப் பக்கம் வந்தார். அவரை இடது பக்கமாகப் புரட்டினோம்.